மூன்றாவது பிளக்கின்

"முடிஞ்சிருச்சு சேர்."

சந்திரகுமார் திடுக்கிட்டார். கண்டி டவுனில் அந்த மென்பொருள் நிறுவனம் அவருடையது. நேர்முகத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு மணித்தியாலப் பரீட்சை வைத்திருந்தார். கணினியில் கட்டளை தட்டி இயக்கும் ஒரு மென்பொருள் கருவி. அதற்குத் தமிழ், சிங்களத் தேதிகளை வாசிக்கத் தெரியாது. வாசிக்க வைக்க வேண்டும். இன்டர்நெட் பாவிக்கலாம்.

பரீட்சைக்கு வந்த லோஜினி கதிரையில் உட்கார்ந்து ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது.

"எத்தனை வரி எழுதினீங்க?"

"ரெண்டு சேர். ஒன்னு தேட, ஒன்னு இன்ஸ்டோல் பண்ண."

அங்கே வேலை செய்யும் அம்னா எட்டித் திரையைப் பார்த்தாள்.

"இந்தக் கருவியோட சேர்த்துக்க மத்தவங்க எழுதி வச்ச பிளக்கின் எல்லாத்துக்கும் பேரு ஒரே மாதிரித்தான் தொடங்கும் சேர். அதையெல்லாம் தேடி எடுத்துத் தர்ற பெக்கேஜ் மெனேஜர்ல அந்தத் தொடக்கத்தைக் குடுத்துத் தேடினேன். பன்னிரண்டு வந்துச்சு. ஒவ்வொன்னா வாசிச்சுப் பார்த்தேன். மூனாவது சரியா வேலை செய்யுது," என்றாள் லோஜினி.

"கடையில சோத்துப் பார்சல் வாங்கிட்டு வந்து, நான் சமைச்சேன்னு சொல்ற மாதிரியில்ல இருக்கு!"

"நான் சமைச்சதா சொல்லலியே சேர். எழுதினவரோட பேரு அதுலேயே இருக்கு."

"எந்த ஊரு?"

"தெல்தோட்டை. தேயிலைத் தோட்டந்தான் சேர்."

"நானும் தோட்டத்துல பொறந்தவன்தாம்மா. ஒவ்வொரு வரியா எழுதித்தான் இங்க வந்திருக்கேன். நம்ம புள்ளைங்களே இப்படி அடுத்தவன் உழைப்ப எடுத்துக்கிட்டு வந்து நின்னா எப்படி?"

லோஜினியின் குரல் இறங்கிவிட்டது.

"இது அஞ்சாவது இன்டவியூ சேர். எழுதவும் தெரியும். ஒரு மாசம் சம்பளமில்லாம வச்சுப் பாருங்க."

"போய்ட்டு வாங்க. அறிவிப்போம்."

அவள் பைலை எடுத்துக்கொண்டு கதவை அடைவதற்குள், அவள் பெயரின் மேல் கோடு விழுந்துவிட்டது.

"சேர், அந்தப் புள்ள செஞ்சது சரிதானே?" என்றாள் அம்னா.

"சரிதான். அதை அழிச்சிராதீங்க. ஒரு கிழமையா நீங்க தேடியும் கெடைக்காததுல்ல அது! மொதல்ல எழுதினவன் பேரை எடுத்துட்டு நம்ம கொம்பனி பேரைப் போடுங்க."

அம்னா கீபோர்டை இழுத்துக்கொண்டாள்.

சந்திரகுமார் கொழும்பிலிருந்த வாடிக்கையாளருக்குப் போன் எடுத்தார்.

"சேர், நீங்க அவசரமாக் கேட்டது ரெடி. இன்னைக்கே அனுப்புறோம். சேச்சே, வெளியில இருந்து ஒன்னும் எடுக்கல்ல. ஒவ்வொரு வரியும் நானே உக்காந்து எழுதினது!"