ஊர்வாரியாக

அவள் எல்லாத் திரைகளையும் மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்தாள்.

வெறும் கட்டங்கள்.

அலுவலகத்தில் பிஸ்கட் கம்பெனிக்கும் நகைக்கடைக்கும் செய்துகொடுக்கிற அதே வேலைதான். இணையதளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், ஃபேஸ்புக்கில் எத்தனை பேர், இன்ஸ்டாகிராமில், யூடியூபில். தனித்தனியாகக் கிடக்கிற கணக்கையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது.

இன்று அதை அப்பாவுக்காகச் செய்தாள்.

அத்தையை வழியனுப்ப சென்ட்ரலுக்குப் போயிருந்தார்கள். தண்ணீர் பாட்டில் வாங்க அவள் அப்பாவின் கையை விட்ட நேரம். திரும்பியபோது அப்பா இல்லை.

ஸ்டேஷன் கேமராவில் அப்பாவின் நீலச் சட்டை நிதானமாக நடந்து போனது. அப்புறம் கூட்டம்.

எந்த ரயிலில் ஏறினார் என்று தெரியவில்லை. ஊர் பெயர் கேட்டால் அவருக்குச் சொல்ல வராது. மறதி நோய் முதலில் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

ஒரு மாதமாகிறது. போலீசில் போட்டோ கொடுத்தாகிவிட்டது. மாற்றி மாற்றிப் பதிவு போட்டாகிவிட்டது. ‘இறைவன் துணை இருப்பார்’ என்று ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிவிட்டார்கள்.

தம்பி செழியன் பின்னால் வந்து நின்றான். முகம் மழித்து ஒரு வாரம் இருக்கும்.

“ரெண்டு லட்சம் பேருக்கு மேல பாத்துட்டாங்கக்கா. இதுக்கு மேல என்ன பண்ண முடியும்?”

“யாரு பாத்தாங்கன்னு பாக்கணும்.”

“பாத்து?”

கட்டங்களில் எண்கள் நிரம்பிக்கொண்டிருந்தன.

நாள்வாரியாக அடுக்கினாள். எண்கள் ஒன்றும் சொல்லவில்லை. வயதுவாரியாக அடுக்கினாள். அதுவும் ஊமைதான்.

ஊர்வாரியாக அடுக்கினாள்.

சென்னை. கோவை. மதுரை. துபாய். சிங்கப்பூர். டொராண்டோவில்கூட ஒரு கூட்டமே பார்த்திருந்தது.

சென்ட்ரலிலிருந்து மேற்கே போகும் பாதையை எடுத்துக்கொண்டாள். அரக்கோணம் இருந்தது. காட்பாடி இருந்தது. ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு எல்லாம் இருந்தன.

வடக்கே போகும் பாதைக்கு வந்தாள்.

கும்மிடிப்பூண்டி இருந்தது.

அதைத் தாண்டி, ஆந்திராவில், நாயுடுபேட்டை இல்லை. கூடூர் இல்லை. நெல்லூர் இல்லை. ஓங்கோல் இல்லை.

ஒருவர்கூட இல்லை.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தனித்தனியாகப் பார்த்தபோது எல்லாக் கணக்கும் ஏறுமுகமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்துத் தினமும் கொஞ்சம் நிம்மதிகூடப் பட்டிருக்கிறாள்.

“செழியா, இங்க வா. நாம தமிழ்ல எழுதியிருக்கோம். தமிழ் தெரிஞ்சவங்க பாத்திருக்காங்க. அப்பா அவங்க கண்ணுல பட்டிருந்தா இந்நேரம் போன் வந்திருக்கும்.”

அவன் திரையையே பார்த்தான்.

“அப்போ?”

“அப்பா இங்க இல்ல.”

சொல்லிவிட்டு, காலியாக இருந்த இடத்தை விரலால் தொட்டாள்.

லாவண்யா அலுவலகத்தில் பக்கத்து மேஜை. நெல்லூர்க்காரி. அழைத்த அரைமணியில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பதிவை வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“இவ்ளோ நீளமா வேணாம்டி. ‘இந்தப் பெரியவரைப் பாத்தீங்களா, தமிழ்ல பேசுவாரு.’ அவ்ளோதான். போட்டோ பெருசா இருக்கட்டும்.”

தெலுங்கில் எழுதினாள். அந்தப் பாதையில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு மட்டும் போய்ச் சேரும்படி இவள் அமைத்தாள்.

மாலைக்குள் நாயுடுபேட்டையில் ஒரு எண் தோன்றியது. பிறகு கூடூரில்.

சிறிய எண்கள்தான். செழியன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. ஒரு பெண் குரல். வேகமான தெலுங்கு.

“மீ நான்னகாரு இக்கட உன்னாரம்மா.”

அவள் போனைப் பக்கத்திலிருந்த லாவண்யாவிடம் கொடுத்தாள். கொடுத்த கை அப்படியே நீட்டியபடி நின்றது.

லாவண்யா கேட்டாள். திரும்பக் கேட்டாள். பிறகு போனை மார்போடு அழுத்திக்கொண்டாள்.

“கூடூர் பக்கத்துல ஒரு காப்பகம்டி. இவங்க அங்க சமையல் பண்றாங்களாம். அப்பா அங்கதான் இருக்காராம்.”

மூவரும் காரில் போனார்கள்.

வராண்டாவில், வேறு யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டையில் அப்பா உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் ஆச்சரியப்படவே இல்லை.

“வண்டி லேட்டாம்மா?”

“ஆமாப்பா. ரொம்ப லேட்டு.”

அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுது முடிக்கும்வரை அவர் அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

செழியன் அப்பாவைக் காருக்குக் கூட்டிப்போனான். அவள் சமையல்காரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். மொழி இல்லாததால் கைகளை விடவும் தெரியவில்லை.

அப்போதுதான் வராண்டாவின் மறுகோடியில் இன்னொருவர் இருப்பதைக் கவனித்தாள். தலையில் முக்காடு போட்ட வயதான பெண்மணி. கார் நின்ற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்க யாரு?”

லாவண்யா கேட்டுச் சொன்னாள். “ரயில்ல வந்தவங்கதானாம். ரெண்டு வருஷமா இருக்காங்க. அவங்க பேசறது இங்க யாருக்கும் புரியலையாம். தேடிட்டு யாரும் வரலையாம்.”

வெளியே செழியன் ஹாரன் அடித்தான்.

அவள் அந்த அம்மாளிடம் நடந்து போனாள். முன்னால் குந்தி உட்கார்ந்து போனில் கேமராவைத் திறந்து காட்டினாள். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

அந்த அம்மாள் முக்காட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி வெளிச்சத்துக்குத் திரும்பி உட்கார்ந்தார்.