ஏழாவது சத்தம்

இடப்பக்கம் திருப்பினால் முன்சக்கரத்தில் ‘டக் டக்’ என்கிறது என்று அக்கா தன் காரை என் பட்டறையில் விட்டிருந்தாள். தினமும் கேட்கிற புகார்தான். ஆக்ஸில் சக்கரத்தோடு சேரும் ஜாயின்ட்டுக்குள் ஆறு இரும்புக் குண்டுகள் இருக்கும். எல்லாமே தேய்ந்தால் சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் ஆறு முறை தட்டும்.

டயரில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினேன். ஏழு வந்தது. மறுபடி எண்ணினாலும் ஏழுதான்.

பிரித்தேன். உள்ளே ஆறு குண்டுகள்தான் இருந்தன. ஆக்ஸிலையே கழற்றி வைத்துவிட்டு வெறும் சக்கரத்தைக் கையால் சுழற்றினேன். கோடு மேலே வரும்போதெல்லாம் ஒரு ‘டக்’. புது ஆக்ஸில் மாட்டியும் அந்த ஒன்று போகவில்லை.

“பாப்பாவுக்கு ஸ்கூல் விட்டுடும், சாவியக் குடு.” அக்கா வந்து நின்றாள்.

“இன்னும் ஒண்ணு இருக்குக்கா. எங்கேருந்து வருதுன்னே தெரியல.”

“ஏழுல ஆறு போச்சுல்ல? பரீட்சைல கூட நான் அவ்வளவு வாங்கினதில்லடா.” சிரித்துக்கொண்டே சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

பட்டறையை ஒட்டிய சிக்னலில் சிவப்பு விழுந்து கார் நின்றது. சத்தம் நிற்கவில்லை. அசையாத சக்கரத்திலிருந்து, அதே இடைவெளியில், டக், டக்.

“அக்கா, எறங்கு!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். வழியனுப்புகிறேன் என்று நினைத்து, கண்ணாடியில் பார்த்துக் கை அசைத்தாள்.

பின்கதவை நான் தொடுவதற்குள் பச்சை விழுந்தது. தட்டுவது நின்றது. கார் பள்ளிக்கூடம் இருக்கும் இடப்பக்கமாக, சத்தமே இல்லாமல் திரும்பியது.