பதினோராவது நிமிடம்

முப்பதாம் நாள் காலை, தையற்காரியைப் பலகையில் படுக்கவைத்து, பெல்ட் போட்டு, பலகையோடு நிமிர்த்தினார்கள்.

அதுவரை ஒரு மாதம் அவள் எழுந்து உட்காரவேயில்லை. சாப்பாடு, குளியல், மற்றதெல்லாம் படுத்தபடியேதான். கட்டிலின் தலைப்பக்கம் கால்பக்கத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். விண்வெளியில் எடையில்லாமல் மிதப்பவர்களுக்கு ஆவதெல்லாம் இப்படிப் படுத்தால் தரையிலேயே ஆகிவிடுமாம். ரத்தம் தலைக்கு ஏறும், முகம் உப்பும், கால் சூம்பும்.

ஆய்வில் இருந்தது பத்துப் பெண்கள். எல்லோருக்கும் மாதவிலக்கு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. உடம்பு சுரப்பதை நிறுத்திவிட்ட ஹார்மோனை, தோலில் ஒட்டும் பட்டையாக ஐந்து பேருக்குக் கொடுத்தார்கள். மற்ற ஐவருக்கு வெறும் பட்டை. யாருக்கு எது என்பது பிரிக்காத உறைக்குள் இருந்தது.

எழுந்து நிற்கும்போது மயங்காமல் தாங்க அந்த ஹார்மோன் உதவுமா? டாக்டரம்மா மூன்று வருஷமாக இந்தக் கேள்வியோடுதான் குடித்தனம் நடத்துகிறார் என்று நர்ஸ் கேலி செய்வாள்.

மூன்றாவது நிமிடம் உள்ளங்கால் மரத்தது.

ஆறாவது நிமிடம் காதுக்குள் இரைந்தது. முந்தின நாள் நின்ற இரண்டு பேரும் இதற்குள் துவண்டுவிட்டார்கள்.

"போதும்னா சொல்லிடுங்கக்கா," என்றாள் நர்ஸ்.

"இருக்கட்டும்மா. இன்னும் கொஞ்சம்."

பதினோராவது நிமிடம் வியர்வை கொட்டியது. படுக்க வையுங்கள் என்று சொல்ல நினைத்தாள். வார்த்தை வரவில்லை. கண் மட்டும் மேலே செருகியது.

திரையைப் பார்த்திருந்த நர்ஸ் சட்டென்று பலகையைச் சாய்த்தாள்.

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "பதினோரு நிமிஷம் நின்னுட்டீங்க. உங்களுக்கு நிஜப் பட்டைதான் வந்திருக்கும்னு தோணுது. உறையைப் பிரிச்சாத்தான் தெரியும்."

தையற்காரி அதைக் காதில் வாங்கவில்லை.

"டாக்டர், முப்பது நாள் படுத்ததுக்கே இப்படின்னா, ஒன்பது வருஷமா படுத்திருக்கிறவங்களை எப்படித் தூக்கி உட்கார வைக்கணும்?"

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

"மெதுவா. கொஞ்சம் கொஞ்சமா. முகத்தைப் பார்த்துக்கிட்டே."

தையற்காரி போன் கேட்டாள். வீட்டுக்கு எண்ணைப் போட்டு நர்ஸே கையில் கொடுத்தாள். எடுத்தது தங்கை. நீ ஒரு மாசமாவது போய்ப் படு, உன் பொண்ணை நான் பார்த்துக்கறேன் என்று அக்காவை வற்புறுத்தி அனுப்பியவள்.

"காலையில தலை வாரும்போது அவளை வெடுக்குன்னு தூக்காதே. தலையணையை ஒண்ணொண்ணா வச்சு நிமிர்த்து. கண்ணைச் செருகுவா பாரு, அது அடம் இல்லடி. மயக்கம். அவளால சொல்ல முடியலை."

இத்தனை நாளா நீ எப்படிக்கா தூக்கினே என்று அந்தப் பக்கம் தங்கை கேட்டாள்.

வேலைக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தில், வாய் பேச வராத மகளை ஒன்பது வருஷமாகத் தினமும் ஒரே இழுப்பில் உட்கார வைத்ததையும், கண் செருகும்போதெல்லாம் அதட்டியதையும், இரண்டு தடவை கன்னத்தில் அறைந்ததையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"போனை அவ காதுகிட்ட வை," என்றாள்.