தாழ்ப்பாள் போட்ட குடில்

போன கிறிஸ்துமஸுக்கு மாதா கோயில் குடிலுக்குள் ஒரு பூனை புகுந்து, மண் ஆட்டுக்குட்டியின் காதை உடைத்துவிட்டது. போனது ஒரே ஒரு காது. அதற்கு மண் மாடு ஒரு கோட்டையே கட்டிவிட்டது. இந்த வருஷம் குடில் ஜோடித்து முடித்ததுமே சுற்றிலும் கம்பி வலை அடித்து, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டது.

"அப்போ வெளியே போய் நட்சத்திர விளக்கைப் பார்க்க முடியாதா?" என்று ஆட்டுக்குட்டி கேட்டது.

"உனக்கு ஊர் சுத்துறது பெருசா, உயிர் பெருசா?" என்றது மாடு.

"காது போன நீயே இப்படிக் கேட்கலாமா?" என்று பக்கத்தில் நின்ற மண் கழுதை ஒத்து ஊதியது.

கிறிஸ்துமஸ் பூசைக்கு மணி அடித்தது. அதுவரை காலியாக இருந்த தீவனத் தொட்டியில் கிடத்துவதற்காக, பங்குச்சாமியார் பாலன் சொரூபத்தை ஏந்திவந்து குடில் கதவை இழுத்தார்.

"ஐயோ, யாரோ கதவை ஆட்டுறாங்க!" என்று கழுதை நடுங்கியது.

"நான்தான், திறங்க" என்றது அவர் கையில் இருந்த குழந்தை.

"வர்றவன் எல்லாம் இதையேதான் சொல்வான். திறக்காதே!" என்றது மாடு.

சாமியார் இழுத்து இழுத்துப் பார்த்து அலுத்துப்போய், குழந்தையை வாசலில் சிமெண்டுத் தரையிலேயே வைத்துவிட்டுப் போனார். அந்தப் பூனை வந்து அதை ஒட்டிச் சுருண்டு படுத்துக்கொண்டது.

உள்ளே மாடு காலித் தொட்டியை எட்டிப் பார்த்தது. ஒரு துரும்புகூடக் கலையவில்லை.

"பார்த்தியா? ஒரு குறையும் இல்லை" என்று கழுதையிடம் பெருமையாகச் சொன்னது. "ஆண்டவர் நம்ம கூடவேதான் இருக்கார்."