சகலையின் கார்

ஷோரூமின் கண்ணாடிச் சுவர் வழியே வரும் காலை வெயில் புது எஸ்யுவியின் வெள்ளை பானட்டில் வழுக்குகிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் பல் டாக்டரின் கண் அதில் இல்லை. வாசலில் நிற்கிறது சகலையின் கார். இந்த எஸ்யுவிக்குப் போட்டிக் கம்பெனி செய்த சொகுசு வண்டி. ஏழு வருடமாகியும் நேற்று வாங்கியதுபோல் கருநீலத்தில் மினுங்குகிறது. அதில்தான் சகலை இவர்களை அழைத்து வந்திருக்கிறார், டாக்டரை முன்சீட்டிலும் அவர் மனைவியைப் பின்சீட்டிலும் உட்காரவைத்து. “கண்ண மூடிட்டு என்னோடதையே வாங்குங்க சகல. ஏழு வருஷத்துல டயரும் பேட்டரியும்தான் மாத்தினேன்,” என்று ஜன்னலில் குனிகிறார். டாக்டர் கடைவாய்ப் பல் வலிப்பவர்போலச் சிரிக்கிறார். மூன்று மாதமாக இரண்டையும் ஒப்பிட்டதில் அவர் கண்டுபிடித்த குறையெல்லாம் அந்தக் கருநீல வண்டியில்தான். “பத்து வருஷம் வச்சு ஓட்டப்போறது நான்தானே? எனக்கு இதுதான்.” கண்ணாடியை ஏற்றுகிறார். சகலையின் குரல் பாதியில் அறுந்துபோகிறது. உள்ளே புதுத் தோலின் வாசனை மட்டும். அந்த அமைதி அவருக்கு இனிக்கிறது. பக்கத்து சீட்டில் மனைவி கூலிங்கிளாஸைக் கழற்றுகிறாள். அவள் கை, பார்க்காமலே மேலே போய் கூரையை அழுத்துகிறது. ஒன்றும் திறக்கவில்லை. விரல்கள் கொஞ்சம் தள்ளித் தடவுகின்றன. “கிளாஸ் வைக்கிற டப்பா இங்கதானே இருக்கும்?” என்கிறாள். அங்கேதான் இருக்கிறது, சகலையின் காரில். வரும்போது டாக்டர் பார்த்தார், தலைக்கு மேலே, முன்சீட்டில் இருப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில். அவள் அந்தக் காரில் எப்போதும் பின்சீட்டில்தானே உட்காருவாள்?