குடிகார மச்சினன்

"காலங்கார்த்தாலேயே இப்படியா?" என்று எகிறினாள் வாலாம்பாள்.

எகிறாமல் என்ன செய்வாள்? பெண்ணின் அண்ணன் சந்திரமௌலி தள்ளாடிக்கொண்டே கொண்டுவந்த காப்பியில் பாதி அவளுடைய பட்டுப் புடவையில்.

"ம... மன்னிச்சுக்கோங்கோ மாமி."

நாக்கு குழறியது. கை நடுங்கியது. கண்ணெல்லாம் மஞ்சள்.

வாலாம்பாள் மாப்பிள்ளைக்கு அத்தை. தாயில்லாப் பிள்ளையை வளர்த்து, கண் டாக்டராக்கி, செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்குப் பெண் பார்க்க அழைத்து வந்திருக்கிறாள். அந்த உரிமையில் வாய் கொஞ்சம் நீளம்.

"பாலக்காட்டுக்காரா ஆத்துலே ஒரு பித்தளை டபரா கிடையாது. இரானி ஹோட்டல் மாதிரி கண்ணாடி கிளாஸ்! பிள்ளையோ... பம்பாய் பூரா மதுவிலக்கு, இவனுக்கு மட்டும் பர்மிட்டா?"

பெண்ணின் அம்மா பதறினாள். "ஐயோ, அதெல்லாம் இல்லே மாமி, இவனுக்கு..."

"கள்ளச் சாராயம்தான் மாமி," என்று குறுக்கே விழுந்தான் சந்திரமௌலி. "பர்மிட்டுக்கு யார் கியூவிலே நிக்கறது?"

"எழுந்திருடா வேங்கடு, போகலாம்!"

டாக்டர் வேங்கடசுப்ரமணியன் எழுந்திருக்கவில்லை. சந்திரமௌலியையே பார்த்துக்கொண்டிருந்தவன், நிதானமாகச் சொன்னான்:

"நான் அம்மிணியைத்தானே கல்யாணம் பண்ணிக்கப் போறேன் அத்தை? எனக்குப் பிடிச்சிருக்கு."

எழுந்த வாலாம்பாள் மறுபடி உட்கார்ந்தாள்.

சமையலறையில் அம்மா மூக்கைச் சிந்தினாள். "ஏண்டா அப்படிச் சொன்னே? ஒரு சொட்டு தொட்டதுண்டா நீ?"

"மெள்ளப் பேசு. குடின்னா கெட்ட பேர் என்னோட போச்சு. உடம்பிலே செம்பு தங்கி ஈரல், மூளை, கண்ணுன்னு ஒவ்வொண்ணாக் கெடுக்கிற வியாதின்னு சொல்லிப் பார். எப்படி வந்ததுன்னு கேப்பா. பிறவியிலேயே, குடும்பத்து ரத்தத்திலேன்னு சொன்னா அம்மிணியை யார் கட்டிப்பா?"

"அவளுக்குத்தான் டெஸ்ட் பண்ணி ஒண்ணுமில்லேன்னுட்டாளே!"

"அதை அந்த மாமிக்கு நீ புரிய வைப்பியாக்கும்! பித்தளைப் பாத்திரத்தை எல்லாம் ஏன் தூக்கிப் போட்டோம்னு அடுத்த ஃப்ளாட்டுக்கே இன்னும் புரியலே."

கிளம்பும்போது வாலாம்பாள் வாசலில் நின்று, "முகூர்த்தத்தன்னிக்காவது இவனை ரூமிலே வெச்சுப் பூட்டுங்கோ," என்றாள்.

"நீங்க போய் டாக்ஸியைக் கூப்பிடுங்கோ அத்தை. மச்சினருக்கு ரெண்டு புத்தி சொல்லிட்டு வரேன்."

அவள் தலை மறைந்ததும், சந்திரமௌலியின் நடுங்கிக்கொண்டிருந்த கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான் மாப்பிள்ளை.

"உங்க கருவிழியைச் சுத்தி இருக்கிற செம்பு வளையத்தை வந்த உடனேயே பார்த்துட்டேன். மாத்திரையை ஒரு வேளை விட்டாலும் கல்யாணம் கேன்சல், தெரிஞ்சுதா?"