தம்பி போட்டு வைத்த வழி

முதலில் வந்தது ஒன்பது.

மருந்துக்கடைக்காரர் துடுப்பை மடியில் குறுக்கே வைத்துவிட்டு ஃபிஷ்ஃபைண்டரின் திரையைப் பார்த்தார். கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கயாக்கின் அடியிலிருந்து ஒலி கீழே போய்த் தரையில் முட்டித் திரும்பி வந்து கோடு போட்டது. ஆறு மீட்டர் ஆழம். மீன் இருந்தால் வளைவாகத் தெரியும் என்று தம்பி சொல்லியிருக்கிறான். ஒரு வளைவும் இல்லை, வெறும் மணல்.

எண்ணுவதே தலைகீழ் என்று நினைத்துக்கொண்டார். உலகத்தில் எல்லாரும் கரையிலிருந்து ஒன்று, இரண்டு என்று போவார்கள். இவன் சட்டைப் பொத்தானையே கீழேயிருந்து மேலே போடுகிறவன்.

தம்பி போய் நான்கு மாதம் ஆகிறது.

படகுக்காரர்கள் பார்த்தபோது இதே கயாக்கில் தூங்குகிறவனைப்போலச் சாய்ந்து கிடந்தானாம். இதயம் திடீரென்று நின்றுவிட்டது என்றார் டாக்டர். ஒரு அறிகுறியும் இல்லாமல் போய்விட்டான், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணன்காரர் நான்கு மாதமாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறார்.

ஞாயிறு விடிந்தால் தம்பி கடலில்தான். அடியில் ஒரு பாறை கண்டுபிடித்திருக்கிறேன், அங்கே மீன் கொட்டிக் கிடக்கிறது, வாயேன் அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடையை யார் பார்ப்பது என்று இவர் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். உயிரோடு கூப்பிட்டபோது போகவில்லை. இப்போதாவது அந்தப் பாறைக்கு மேல் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்துவிட வேண்டும். அதற்காகவே ஐம்பத்திரண்டு வயதில், இந்தத் தொப்பையோடு, துடுப்புப் போடக் கற்றுக்கொண்டார்.

மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தவள் தம்பி மனைவி. "அவர் போன இடமெல்லாம் இதுல இருக்கு அத்தான். நீங்களாவது போய்ப் பாத்துட்டு வாங்க."

இருந்தது. கடலில் எது நடந்தாலும் பொத்தானை அமுக்கி அந்த இடத்தைக் குறித்து, ஒரு பெயரும் வைத்துவிடுவான் தம்பி. தொப்பி பறந்த இடம் தொப்பி. ஆமை தலை தூக்கிய இடம் ஆமை. மெஷினுக்குத் தமிழ் தெரியாது, எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. அந்தக் கூட்டத்துக்குள்தான் வி, ஏ, எல், ஐ என்று நான்கு எழுத்தும் பக்கத்தில் எண்ணுமாக ஒன்பது இடங்கள் கிடந்தன.

வழி.

பாறைக்குப் போகிற வழியை எண் போட்டே வைத்திருக்கிறான், கெட்டிக்காரப் பயல். அன்றைக்குக் கடைக்குள் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

எட்டு. ஏழு. ஆறு.

வழி நேராகப் போகவில்லை. ஏழு ஒரு பக்கம் இழுத்தது, ஆறு மறுபக்கம் இழுத்தது. குடித்துவிட்டு நடந்தவன் போட்ட வழி மாதிரி இருந்தது. எங்கே நிறுத்தினாலும் மணல். அவருக்கு மூச்சு வாங்கியது. வாரா வாரம் இதை எப்படித்தான் செய்தானோ.

ஒன்றுக்கு வந்து சேர்ந்தபோது ஆழம் முப்பது மீட்டர். பாறை இருந்தால் தரைக்கோடு மேடாக எழும்ப வேண்டும். அது சிமெண்டு பூசின தரை மாதிரி கிடந்தது. சுற்றிச் சுற்றி வந்தார். பாறையும் இல்லை, மீனும் இல்லை.

எங்கேயோ தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று திரையில் ஒன்றைத் தொட்டார். சின்னப் பெட்டி திறந்து தேதியைக் காட்டியது. இரண்டைத் தொட்டார். அடுத்த ஞாயிறு. மூன்று, அதற்கும் அடுத்த ஞாயிறு. வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கரைக்குக் கிட்டத்தில்.

ஒன்பதின் தேதி அவருக்குப் பார்க்காமலே தெரியும். இறப்புச் சான்றிதழுக்கு அந்தத் தேதியை எழுதிக் கொடுத்தவரே அவர்தான்.

போகிற வழியை யாராவது இரண்டு மாதமாகக் குறிப்பார்களா?

பட்டியலை மேலும் கீழும் தள்ளினார். ஓரிடத்தில் மழை என்று இருந்தது. அந்த ழகரத்துக்குத் தம்பி இசட்டும் எச்சும் போட்டிருந்தான். வழி என்றாலும் அப்படித்தானே எழுதியிருப்பான். இந்த ஒன்பதிலும் எல் மட்டும்தான் இருந்தது.

வலி.

கயாக் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. துடுப்புப் போடும்போது நெஞ்சைப் பிடித்த இடத்தையெல்லாம் பிள்ளை குறித்து வைத்திருக்கிறான். முதல் தடவை இவ்வளவு தூரம் வந்த பிறகு வலித்திருக்கிறது. கடைசித் தடவை கூப்பிடு தூரம் தாண்டுவதற்குள் வலித்திருக்கிறது.

அவன் யாரிடமும் சொல்லாமல் இருக்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடைக்கு வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் கையை விட்டு வாயு மாத்திரை அட்டையை எடுத்துப் போட்டார்.

"வாயைக் கட்டுடா, வாயு தானா அடங்கும்."

எட்டுத் திங்கட்கிழமையும் அதையேதான் சொன்னார். எட்டு முறையும் தம்பி சிரித்தான்.